மேடையைச் சுற்றி ஒரு சுண்ணாம்புக் கோடு

பயிற்சிக்கு வந்திருக்கிற உங்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க, பழைய சின்னங்களைக் காக்கிற நம் இலாகாவில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். விரிசலை எப்படி அடைப்பது, பழைய கல்லை எப்படிக் கழுவுவது என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கிறவளைக் கூப்பிட்டு, "மேடம், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று நாற்காலி போட்டுவிட்டீர்கள். நான் சொல்லப்போவது பயத்தைப் பற்றி. இந்தத் தொழிலில் பயமே தெரியாத ஆளை நான் எந்த இடத்துக்கும் தனியாக அனுப்பியதில்லை. மூஞ்சியை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

அறுபதுகளின் பின்பாதி. எங்கள் டிராயிங் ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண். வீடு மாட்டுங்காவில். அந்த வருஷங்களில் பம்பாயில் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் பயம். மதராஸிகள் ஊரைப் பார்க்கப் போகவேண்டும் என்று சுவர்களில் எழுதியிருந்தார்கள். எங்கள் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்காரர் தமிழ்ப் பலகையைக் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டார். பஸ்ஸில் நானும் தங்கையும் வாயைத் திறக்காமல் வருவோம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் தாராவிக்குப் போன அன்று பயம் எனக்குப் புதுச் சரக்கு இல்லை.

தாராவியில் தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குப் பின்னால் ஒரு பொதுக் குழாய் இருந்தது. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள், அதனால் அதைப் பைப்படி என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தோல் வேலை செய்கிறவர்கள் அந்தக் குழாயில் கைவைக்கக் கூடாது. வேறு யாராவது மனம் வைத்து ஊற்றினால் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அப்போது ஒரு தலைவர் அங்கே வந்தார். குழாயைச் சுற்றியிருந்த கருங்கல் மேடையில் ஏறி நின்று, தண்ணீர் எல்லோருக்கும் சொந்தம் என்று பேசினார். பேசி முடித்து, அவரே குழாயைத் திறந்து கையில் பிடித்துக் குடித்தார். மறுநாள் தோல் ஷெட்டுப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். அடிதடி நடந்தது, மண்டைகள் உடைந்தன, ஆனாலும் அவர்கள் வருவதை நிறுத்தவில்லை. தலைவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் பேச்சை விட்டுவிட்டு ஆளைப் பற்றிச் சண்டை போட ஆரம்பிப்பீர்கள்.

அந்தக் கல்மேடையைத் தேசிய நினைவிடமாக்குவதென்று டில்லியில் முடிவானது. படம் வரைந்து எல்லை குறித்துக் கொடுக்கவேண்டியது எங்கள் பொறுப்பு. வழக்கமாகப் போகிற சர்வேயர் டைபாய்டில் படுத்துவிட்டார். "தமிழ் ஆட்கள் இருக்கிற இடம், நீ போ" என்றார்கள். நானும் கலாசி சகாராமும் கிளம்பினோம். டேப்பைப் பிடிக்கிற, குறி போடுகிற ஆளைத்தான் எங்கள் இலாகாவில் கலாசி என்போம். சகாராம் கொங்கணத்துக்காரர், அமைதியான மனிதர்.

அந்தக் காலத்து விதி இது: காப்பாற்றவேண்டிய பொருளைச் சுற்றி இருபது கஜத்துக்கு வேறு எதுவும் இருக்கக் கூடாது. கோட்டைகளையும் குகைகளையும் மனதில் வைத்து யாரோ எழுதிய விதி. மலைமேல் இருக்கிற குகையைச் சுற்றி இருபது கஜத்தில் கள்ளிச்செடி இருக்கும். தாராவியில் இருபது கஜத்தில் என்ன இருக்கும் என்று எழுதினவர் யோசித்திருக்க மாட்டார்.

நான் மட்டும் யோசித்தேனா? மேடையின் நடுவில் டேப்பை வைத்து வட்டமாக நடந்தேன். சகாராம் டப்பாவிலிருந்து சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே வந்தார். கோடு சந்துக்குள் போனது. ஒரு வீட்டு வாசற்படியைக் கடந்தது. இன்னொரு வீட்டின் தட்டிச் சுவரில் முட்டி, மறுபக்கம் வெளியே வந்தது. பெண்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய மனுஷர் பேசிய இடமல்லவா, மரியாதைக்காக அமைதியாக நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் சமத்தைப் பாருங்கள்! வட்டம் முடிந்ததும் நாங்கள் இருவரும் மெயின் ரோட்டுக்குச் சாப்பிடப் போனோம்.

திரும்பி வரும்போது முதலில் சத்தம்தான் கேட்டது. தகரத்தைப் பிய்க்கிற சத்தம், ஒரு பக்கமில்லை, நாலா பக்கமும். கோட்டுக்குள் இருந்த வீடுகளின் கூரைமேல் ஆட்கள் ஏறி உட்கார்ந்து ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே பெண்கள் தகரங்களை வாங்கி அடுக்கினார்கள். பாத்திரம், பாய், சாமி படம், தையல் மெஷின் எல்லாம் சந்தில் கிடந்தன. மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயம், வானம் கறுத்துக் கிடந்தது.

காலையில் கோடு கடந்த வாசற்படி ஞானப்பூ என்கிற அம்மாளுடையது. புருஷன் செல்லையா தோல் ஷெட்டில் வேலை பார்ப்பவர். ஞானப்பூ கூரைக்குக் கீழே நின்று தகரத்தை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றேள்? எதுக்குக் கூரையைப் பிரிக்கறேள்?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான கோடு போட்டுட்டுப் போனிய? இப்பம் எதுக்குன்னு எங்கிட்ட கேக்கிய?"

"அது அளவுக்காகப் போட்டது. படம் வரையறதுக்கு."

"ஆண்டாப் ஹில்லுல நாங்க இருந்தப்பவும் அளவுன்னுதான் சொன்னாவ. சுண்ணாம்பு விழுந்த மறுநா லாரி வந்துட்டு. நாம கழத்துனா நம்ம தகரம், அவன் பிச்சா அவன் தகரம். ஒரு தகரங்கூட மிச்சம் வைக்கலியே, பாவிய!"

பிரித்த கூரைக்குக் கீழே, வெளிச்சம் நேராக விழுந்த இடத்தில் ஞானப்பூவின் மகள் ரூத் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் ஒரு சிசு. பிள்ளை பெற்றவளுக்கு இன்னும் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. வானத்திலிருந்து ஒரு துளி விழுந்தாலும் அந்தக் குழந்தைமேல்தான் விழும். அவள் முந்தானையைக் குழந்தைக்கு மேலே பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் செல்லையா வந்தார். தோல் ஷெட்டில் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். முழங்கால்வரை சாயம், கையில் கடப்பாரை. வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் பைப்படிக்குப் போய் மேடைமேல் ஏறினார்.

"இந்தக் கல்லு இருக்கப் போயித்தான எங்க வீட்ட எடுக்கிய? கல்லே இல்லன்னா எத வச்சு நினைவிடம் கட்டுவிய?"

ஓங்கி ஒரு போடு போட்டார். மேடையின் ஒரு மூலை தெறித்து விழுந்தது. ஐயோ என்று நான் கத்திவிட்டேன். எனக்கு முன்னால் ஒரு வாலிபன் பாய்ந்து அவர் தோளைப் பிடித்தான்.

"ஒமக்குக் கிறுக்கு பிடிச்சிட்டா? அவரு ஏறி நின்ன கல்லுய்யா அது!"

"எனக்குச் சொல்லுதியால? அன்னைக்கு நீ பொறக்கவே இல்ல. நான் இந்தா, இந்த எடத்துல நின்னுட்டு இருந்தேன்."

ஆள் கூடிவிட்டது. உடை என்று ஒரு பக்கம், தொடாதே என்று ஒரு பக்கம். யாரோ யாரையோ பிடித்துத் தள்ள, சட்டை கிழிந்தது. எங்கிருந்தோ ஒரு கல் வந்து என் டிராயிங் போர்டில் பட்டுத் தெறித்தது. அது போர்டுக்கு வந்த கல் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

சகாராம் என் கையைப் பிடித்து இழுத்தார். "மேடம், சலோ. ரோட்டிலே போலீஸ் சௌக்கி இருக்கு. சொன்னா வேன் வந்துடும்."

இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். போலீஸைக் கூப்பிட எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. அரசாங்கம் காப்பாற்றச் சொன்ன பொருளை ஒருவர் உடைக்கிறார். நான் தனியாக நிற்கிற பெண். ஆனால் அந்த நாட்களில், அந்த இடத்தில், தமிழ் ஆட்கள் கூட்டமாக நிற்கிறார்கள் என்றால் தடி எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். ரூத் எழுந்து ஓடக்கூட முடியாது. தண்ணீருக்காக மண்டை உடைந்த மேடையில், இலாகாக்காரி கூப்பிட்ட போலீஸால் மறுபடி மண்டை உடைவதா? அதற்குப் பிறகு அங்கே பளிங்குக் கல் வைத்து மாலை போடுவோமா?

"போலீஸ் வேண்டாம்" என்றேன். "இரானி ஹோட்டலில் போன் இருக்கு. நம்ம ஆபீஸ் சூப்பிரண்டெண்டைக் கூப்பிடுங்கோ. அவர் மட்டும் வரட்டும்."

சகாராம் போய்விட்டார். நான் தனியாக நின்றேன். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு செல்லையா என் பக்கம் திரும்பினார்.

"ஆபீசரம்மா, ஒத்த வார்த்தை சொல்லுங்க. இடிப்பாவளா, மாட்டாவளா?"

மாட்டார்கள் என்று சொன்னால் போதும், அவர் இறங்கிவிடுவார். நான் வீட்டுக்குப் போய்விடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. நாளைக்கு லாரி வந்தால் என்ன ஆகும்? என் பேச்சை நம்பித் தகரத்தைத் திரும்பப் போட்டிருப்பார்கள், அதையும் அள்ளிக்கொண்டு போவான்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "ரூல்படி பார்த்தா இடிப்பா. இடிக்கக்கூடாதுன்னு நான் எழுதுவேன். கேப்பாளான்னு தெரியாது."

ஓவென்று ஒரு சத்தம் எழுந்தது. அடுத்த கல் என் மண்டைக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கல் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது செல்லையா தம்மைச் சுற்றி நின்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். குரல் உடைந்திருந்தது.

"அவரு பேசுனது பூரா எனக்கு நெனப்பிருக்கு. பயப்படாதியன்னு சொன்னாரு. குழாயத் தொடுங்க, அடிச்சா வாங்கிக்கிடுங்க, நாளைக்கும் வாங்கன்னு சொன்னாரு. நான் தொட்டேன், அடி வாங்குனேன், மறுநாளும் வந்தேன். ஆனா அவரு நின்ன கல்லுக்காவவே எம் வீட்ட இடிக்க வந்தா என்ன செய்யணும்னு சொல்லிட்டுப் போவலியே!"

அழுதுகொண்டே கடப்பாரையை மறுபடி தூக்கினார். அப்போது குழாய் இருமியது.

உங்களில் குழாயடியில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும், குழாய் புஸ் புஸ்ஸென்று இருமும். அந்தச் சத்தம் கேட்டால் சாவு வீட்டிலிருந்துகூட எழுந்து ஓடுவார்கள். நாளுக்கு ஒரு வேளைதான் வரும், விட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. கூரைமேல் இருந்தவர்கள் குதித்தார்கள். தகரம் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஹண்டாப் பாத்திரத்தையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் வரிசை. சற்று முன்னால் சட்டையைக் கிழித்துக்கொண்டவர்களின் வீட்டுப் பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவர்.

ஞானப்பூ முதல் ஆளாக நின்றாள். "தண்ணி வந்துட்டு. எறங்கி அங்கிட்டு நில்லுங்க" என்றாள் புருஷனைப் பார்த்து.

செல்லையா இறங்கினார். கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் நின்றார். "பிடிங்க. தண்ணி நிக்கட்டும், அப்பொறம் ஒடைக்கேன்" என்றார்.

அந்த நேரத்தை என்னால் உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தண்ணீர் வருகிறவரை கல்லுக்கு ஆயுசு. குடம் நிரம்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அது நிற்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றேன். வரிசையில் இன்னும் எத்தனை குடம் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். யாரும் தள்ளவில்லை, யாரும் யாரையும் விலகிப் போ என்று சொல்லவில்லை. தலைவர் பேசியதன் பலன் இந்தக் கல்லில் இல்லை, இந்த வரிசையில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டில்லியில் போட்டிருந்த திட்டத்திலோ குழாயை மூடிப் புல் போடுவதாக இருந்தது.

சந்து முனையில் ஜீப் சத்தம் கேட்டது. லாரி என்று நினைத்து ரூத் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழப்போனாள். எங்கள் சூப்பிரண்டெண்ட் சந்துக்கு வெளியிலேயே இறங்கி, டிரைவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நடந்து வந்தார். மராட்டியர். காதில் பென்சில், காலில் தூசிபடிந்த செருப்பு. அவர் பெயரையும் சொல்லமாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. இந்தத் தொழிலில் எனக்கு ஏதாவது புத்தி இருந்தால் அதில் பாதி அவர் கொடுத்தது.

அவர் யாரையும் அதட்டவில்லை. வரிசையைப் பார்த்தார், தகரங்களைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார். "இடிப்பார்களா என்று கேட்டிருப்பார்களே, நீ என்ன சொன்னாய்?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாதுன்னு சொன்னேன்."

"நல்லது." செல்லையாவிடம் போய் ஹிந்தியில் பேசினார். செல்லையாவுக்கு பம்பாய் ஹிந்தி சரளமாக வரும்.

"மேடையோடும் குழாயோடும் எல்லையை நிறுத்தச் சொல்லி எழுதப்போகிறேன். அதற்கு வெளியே ஒரு கல்லும் நடவேண்டாம், குழாய் ஓடவேண்டும் என்று எழுதுவேன்" என்றார்.

"மேலே ஒத்துக்கலேன்னா?" என்றார் செல்லையா.

"ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படி ஆனால், லாரி வருவதற்கு முதல் நாள் உங்களுக்குச் சொல்லி அனுப்புவேன். தகரத்தைக் கழற்ற ஒரு நாள் இருக்கும். என் கையில் இருப்பது இவ்வளவுதான்."

கடைசிக் குடம் நிரம்பியது. குழாய் சொட்டுச் சொட்டாக நின்றது. செல்லையா கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். ஞானப்பூ துடைப்பத்தை எடுத்து வாசற்படியில் இருந்த சுண்ணாம்பைப் பெருக்கித் தள்ளினாள். மழை வருவதற்குள் ரூத்தின் தலைக்கு மேலே தகரம் ஏறிவிட்டது.

தம்பிகளே, தங்கைகளே, ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டைக் காப்பாற்றுவதாகச் சொல்லவில்லை. தம் கையில் இருந்ததை மட்டும் கொடுத்தார். நெருக்கடியில் நம்மைச் சுற்றி நிற்கிறவர்களுக்குப் பெரிய வாக்குக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளத் தோன்றும். அப்படித் தப்பித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்கள் யாரும் அந்த இடத்துக்கு இரண்டாம் தடவை போனதில்லை.

மழைக்காலம் முழுவதும் பயத்திலேயே போனது. மாட்டுங்காவில் விடியற்காலையில் பால் லாரி போனால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஒருமுறை விட்டுப்போன ஓர் அளவை எடுக்க அங்கே போனேன். என்னைச் சந்து முனையில் பார்த்ததுமே ஒரு பெண் கூரைக்கு ஏணியை எடுத்தாள். அளவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

சூப்பிரண்டெண்ட் எழுதினார், டில்லிக்குப் போனார், வாதாடினார். தண்ணீர் பிடிக்கும் உரிமைக்காகப் பேசிய இடத்தில் தண்ணீரை நிறுத்தினால் நினைவிடத்தை அழித்தது நாமாகத்தான் இருப்போம் என்று சொன்னாராம். காது கொடுத்துக் கேட்டார்களாம், அவ்வளவுதான். மழை ஓய்ந்ததும் உத்தரவு வந்தது. பழைய விதிப்படி இருபது கஜம், கம்பி வேலி, புல்வெளி. மறுநாள் காலை முனிசிபாலிட்டி லாரிகளும் போலீஸும் வரும். எதிர்ப்பு வராமல் இருக்க, முன்கூட்டி யாருக்கும் தெரியக் கூடாது.

அவர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "நான் போனால் ஜீப் போகும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீ போய்ச் சொன்னால் உனக்கு வேலை போகலாம். யோசித்துச் சொல்" என்றார். அப்பா ரிடயர் ஆகியிருந்தார், தங்கை படித்துக்கொண்டிருந்தாள், என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. யோசித்தேன். இன்னும் யோசித்தால் போகமாட்டேன் என்று தெரிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

செல்லையா வாசலில் உட்கார்ந்து பேரனை மடியில் வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே குழந்தையை ஞானப்பூவிடம் கொடுத்தார்.

"நாளைக்கா?"

"நாளைக்குக் கார்த்தால."

"சரி. சொன்னபடி வந்துட்டிய." உள்ளே ரூத் விசும்புகிற சத்தம் கேட்டது.

"மேடையை என்ன பண்ணப் போறேள்?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. இருட்டப் போவுது" என்றார்.

மறுநாள் லாரிகளோடு எங்களையும் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் அங்கே இடிக்க எதுவும் இல்லை. வட்டத்துக்குள் ஒரு தகரம் இல்லை, ஒரு தட்டி இல்லை, ஓர் ஆள் இல்லை. மேடையும் இல்லை. குழாய் மட்டும் வெறும் சேற்றில் தனியாக நின்றது. கருங்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கொண்டுபோயிருந்தார்கள். டில்லியிலிருந்து வந்திருந்த அதிகாரி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

விசாரணை வைத்தார்கள். யார் முன்கூட்டிச் சொன்னது, கற்கள் எங்கே என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்கு உண்மையிலேயே தெரியாது, அதனால் கற்களைப் பற்றிச் சொல்வது எளிதாக இருந்தது. முதல் கேள்விக்கு சூப்பிரண்டெண்ட் முந்திக்கொண்டு, "நான்தான் சொல்லியனுப்பினேன். யார் மூலம் என்று கேட்காதீர்கள்" என்றார். அவரை நாகபுரிக்கு மாற்றினார்கள், பதவி உயர்வும் போச்சு. ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனபோது நான்தான் அழுதேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "சீக்கிரம் போய் அடுத்த படத்தை முடி" என்று விரட்டினார்.

அடுத்த வருஷம் மாட்டுங்கா மார்க்கெட்டில் யாரோ என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்கள். ரூத்! இடுப்பில் குழந்தை, கால் முளைத்து இறங்கத் துடித்துக்கொண்டிருந்தது. "அம்மா உங்கள ஒருதரம் கூட்டிட்டு வரச் சொன்னாவ" என்றாள். அவளோடு பஸ் ஏறினேன். எந்தத் திசையில் போனோம் என்பது உங்களுக்குத் தேவையில்லை.

புதுக் குடிசைகள், புதுச் சந்து, ஒரு குழாய். குழாயைச் சுற்றிக் கருங்கல் மேடை, ஒரு மூலை தெறித்துப்போயிருந்தது. பெண்கள் வரிசையில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வரிசை அப்படியே நின்றுவிட்டது. ஒருத்தி குடத்தைக் கீழே வைத்தாள். செல்லையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்குக் கடப்பாரையோடு நின்றபோதுகூட அந்த முகத்தில் நான் அத்தனை பயத்தைப் பார்க்கவில்லை.

"ஞானப்பூ ஆசப்பட்டுக் கூட்டியாரச் சொல்லிட்டா. ஆபீசுல சொல்லிர மாட்டியளே அம்மா?"

"எதைச் சொல்றது? நான் ரூத்தோட குழந்தையைப் பார்க்க வந்தேன்" என்றேன். யாரோ சிரித்தார்கள். நகர்ந்து போ என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்த, வரிசை மறுபடி நகர ஆரம்பித்தது. ஞானப்பூ ஒரு சொம்பு பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தேன்.

போன வாரம் பயிற்சிக்காக உங்களைத் தாராவி நினைவிடத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார்களாம். கம்பி வேலி, பளிங்குப் பலகை, நடுவில் கல்மேடை. ஒரு தங்கை மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். அந்த மேடை நாங்கள் பிறகு கட்டியது, தாணே பக்கத்துக் குவாரிக் கல். பலகையில் அப்படி எழுதவில்லை, அவ்வளவுதான். அதற்குள் உங்கள் டைரக்டர் என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார், உண்மையான கல் எங்கே மேடம், கண்டுபிடித்தால் இலாகா உடனே பாதுகாக்குமே என்று. நல்ல பிள்ளை, நிஜமாகவே பாதுகாப்பார். நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லப்போவதில்லை. அந்த உண்மையான மேடையைச் சுற்றி இருபது கஜத்துக்குள் இன்னும் வீடுகள் இருக்கின்றன.